மூன்று முட்டைகளும் ஒரு குண்டு பல்பும்

முப்பதைத் தொடுவதற்குள்ளேயே நாமும் ‘அந்தக் காலத்தில்’ என்று பேச ஆரம்பித்துவிட்டோம். பேசலாம், தப்பில்லை. நமக்கும் ஓர் அந்தக் காலம் இருந்தது. கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். உங்களில் பலருக்கு அது மெழுகுவத்தி வெளிச்சத்தோடும் கொசுக்கடியோடும் நினைவிருக்கும். எனக்கு மூன்று வாத்து முட்டைகளோடு நினைவிருக்கிறது.

அப்போது ஏழாம் வகுப்பு. காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் உள்ளே போனால் எங்கள் ஊர். தெருவில் எங்கள் சாரி முழுக்க மாதா கோயில்காரர்கள், எதிர்ச்சாரி முழுக்க மாரியம்மன் கோயில்காரர்கள். டிசம்பர் பிறந்தால் எங்கள் சாரியில் வாசலுக்கு வாசல் காகித ஸ்டார் தொங்கும். எதிர்ச்சாரிக்காரர்கள் அதைப் பார்த்து மார்க் போடுவார்கள். எங்கள் வீட்டு ஸ்டாருக்குத்தான் எப்போதும் முதல் மார்க்.

அந்த வருடம் அதற்கு நான் செய்த காரியத்தை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அன்று குறித்து வைத்த நோட்டு தொலைந்துவிட்டது. ஆனால் நோட்டில் எழுதியது எனக்குப் பெரும்பாலும் மனப்பாடம்.

நவம்பர் கடைசியில் எங்கள் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா அகலக் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, உள்ளறை மூலையில் வைத்தார். கோழியின் சொந்த முட்டை எட்டு. அதோடு மாமா கொண்டுவந்த பெரிய முட்டை நான்கு. மாமா அம்மாவுக்குத் தம்பி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார், பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை. ஏரிக்கரையில் வாத்து வளர்க்கும் யாரோ அவருக்குக் கொடுத்த முட்டைகள் அவை.

“வாத்தும் கோழி மாதிரிதான், மூக்குதான் தட்டை. சேத்து வையிங்க அக்கா,” என்றார் மாமா.

அம்மா சேர்த்து வைத்தார். இடி இடித்தால் கரு கெட்டுவிடும் என்று கூடைக்குள் ஒரு துண்டு இரும்பு, ஒரு கரித்துண்டு, மூன்று காய்ந்த மிளகாய் போட்டார். நான் ஒவ்வொரு முட்டையிலும் கரியால் எண் போட்டேன். ஒன்று முதல் எட்டு கோழி. ஒன்பது முதல் பன்னிரண்டு வாத்து. தினமும் கோழி இரை தின்ன இறங்கும்போது ஓடிப்போய் எண்ணிவிட்டு வருவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்குதான் தெரியும்: அடை வைத்தால் மூன்று வாரம்.

மூன்று வாரம் முடிந்த அன்றும் மறுநாளும் எட்டில் ஏழு பொரித்தன. இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, கோழி ஏழு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கியது. திரும்பி ஏறவில்லை. கொல்லையில் கொக் கொக் என்று குஞ்சுகளுக்கு எறும்பு காட்டிக்கொண்டிருந்தது. கூடையில் பொரிக்காத எட்டாம் எண்ணும் நான்கு பெரிய முட்டைகளும் கிடந்தன.

அம்மா எட்டாம் எண்ணைக் குலுக்கிப் பார்த்துக் குப்பைக்குழியில் போட்டார். பிறகு அலுமினியத் தட்டத்தில் தண்ணீர் ஊற்றி நான்கையும் விட்டார். நான்கும் மிதந்தன.

“பாத்தியா? நாலும் கூமுட்டை. உங்க மாமன் கொண்டாந்த லட்சணம்.”

அந்த நேரம் வாசலில் பால்காரர் மணி அடித்தார். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தட்டத்தின் பக்கத்தில் குந்தியிருந்தேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் நின்று கண்ணாடி போல் ஆனது. கூரை ஓட்டின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் வட்டம்கூட அசையவில்லை. அப்போது பத்தாம் எண் லேசாகத் தலையை ஆட்டியது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மறுபடியும் ஆட்டியது. அதைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம் கிளம்பி விளிம்பு வரை போனது. பிறகு ஒன்பது. பிறகு பன்னிரண்டு. பதினொன்று மட்டும் சும்மா மிதந்தது.

“அம்மா! உசிரு இருக்குது! ஆடுது!”

அம்மா பால் சொம்போடு வேகமாக வந்தார். வந்த வேகத்தில் சேலை பட்டுத் தட்டம் குலுங்கியது. நான்கு முட்டையும் சேர்ந்து ஆடின.

“தண்ணி ஆடுது, முட்டை ஆடுது. இதுக்கு ஏண்டி கத்துற?”

இன்றைக்கு யோசித்தால் அம்மாவின் விதியில் தப்பில்லை. சமைக்கிற முட்டை மிதந்தால் கெட்டது. அடையில் இருந்த முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடும், அதனால் உயிருள்ளதும் மிதக்கும். அடுப்படி விதியை அடைக்கூடைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்குக் காற்றறை தெரியாது. பார்த்தது மட்டும் தெரியும். பார்த்ததை விடமாட்டேன் என்பதும் தெரியும். முட்டைகளைத் துடைத்து, அப்பாவின் குரங்குக் குல்லாவுக்குள் வைத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அன்று அப்பாவும் மாமாவும் மண்டியிலிருந்து சீக்கிரமே திரும்பினார்கள். அப்பா தக்காளி டெம்போ ஓட்டுபவர். விடியுமுன் லோடு ஏற்றிப் போய், பத்து மணிக்கு வீடு வந்துவிடுவார். நான் நேராக மாமாவிடம் போய் நின்றேன்.

“மாமா, வாத்து முட்டைக்கு எத்தன நாளு?”

“எனக்கென்ன பாப்பா தெரியும்? நான் என்ன வாத்தா?”

“நடையைப் பாத்தா அப்படித்தான் இருக்குது,” என்றார் அம்மா. “கேட்டுச் சொல்லுடா. இவ காலையில இருந்து முட்டையைக் கட்டிக்கிட்டுச் சோறு தின்னாம உக்காந்திருக்கறா.”

மாமா செல்போனில் ஏரிக்கரைக்காரரைக் கூப்பிட்டார். ஆமாங்க, ஓ, அப்படிங்களா என்றார். போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நாலு வாரமாம்.”

“இதை அன்னிக்கே சொன்னா என்ன? ஒரு வாரம் முந்தி வச்சிருப்பேனே?”

“நீங்க கேக்கலையே அக்கா.”

ஆக மிச்சம் ஐந்து நாள். இதுதான் என் நோட்டின் முதல் பக்கம். கீழே கோடு போட்டு மூன்று கேள்விகள் எழுதினேன். சூடு எங்கிருந்து வரும்? எவ்வளவு சூடு? கரண்ட் போனால் என்ன செய்வது?

கோழியிடமே திருப்பி வைக்க அம்மா ஒப்பவில்லை. அதற்கும் காரணம் சொன்னார். “கூமுட்டை உள்ள வெடிச்சா ஏழு குஞ்சும் நாறிப் போயி செத்துரும். இருக்கற ஏழு எனக்கு முக்கியம்.” மறுக்க முடியாத காரணம். அதனால் நான் வேறு வழியில் போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே டார்ச் அடித்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். ஒன்பது, பத்து, பன்னிரண்டு மூன்றும் உள்ளே அடர்ந்து இருண்டிருந்தன. மேல் முனையில் மட்டும் வெளிச்சம். பதினொன்று முழுக்க மஞ்சளாக ஒளி விட்டது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

“இது கூமுட்டை. நீ சொன்னது சரிம்மா.”

அம்மா அதைக் குப்பைக்குழி ஓரம் உடைத்தார். நாற்றம் வாசல் வரை வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப மீதி மூணு?”

“அது இல்ல.”

அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை வந்ததோ, அலுப்பு வந்ததோ, நிபந்தனைகள் போட்டார். ஒன்று, குஞ்சுகள் பக்கம் கொண்டு போகக் கூடாது. இரண்டு, திங்கட்கிழமை தொடங்கும் அரையாண்டுப் பரீட்சையில் மார்க் குறையக் கூடாது. மூன்று, நாற்றம் வந்த நிமிடம் மூன்றும் குழிக்குப் போகும்.

சூடு வேண்டுமென்றால் குண்டு பல்பு வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் வெள்ளை சி.எஃப்.எல். மாட்டியாயிற்று. அது வெளிச்சம் தரும், சூடு தராது. ஊர்க்கடையில் குண்டு பல்பு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அறுபது வாட். பஞ்சு சுற்றி, தகர டப்பாவில், அலமாரி மேல் தட்டில். வருடத்துக்கு ஒரு மாதம்தான் வெளியே வரும். அது அப்பாவின் ஸ்டார் பல்பு.

அப்பா மற்ற மாதங்களில் டெம்போ, டயர், டீசல் தவிர எதையும் பேசமாட்டார். டிசம்பர் வந்தால் வேறு ஆள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூங்கிலைப் பிளந்து சீவி, முடிச்சுப் போட்டு, கலர்த்தாளில் பூ வெட்டி ஒட்டுவார். டெம்போ சாவி பிடிக்கும் விரல்களா அவை என்று இருக்கும். அரிசிமாவுப் பசையும் பச்சை மூங்கிலும் கலந்த ஒரு வாசம் வீட்டில் ஒரு வாரம் நிற்கும். அந்த வருடம் ஏழு முனை ஸ்டார். ஒவ்வொரு முனையிலும் சல்லடை போல் நுணுக்க வெட்டு. அன்று மாலை வாசல் முருங்கையில் கட்டுவதாக இருந்தது.

நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“அப்பா, ஸ்டார் பல்பு வேணும். அஞ்சு நாளைக்கு.”

அப்பா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. “என் ஸ்டாரு இருட்டுல தொங்கட்டுமா?”

“சி.எஃப்.எல். போட்டுக்குங்க.”

“வெள்ளை லைட்டா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். புதன்கிழமை கேரல்காரங்க வராங்க. ஊசி போட்டுக்க வந்தோமான்னு கேப்பாங்க.”

“மூணு உசிருப்பா.”

“உங்கம்மா கூமுட்டைங்கறா.”

“அம்மா நாலுல ஒண்ணு சரியாச் சொன்னாங்க.”

அப்பா சிரித்தார், பல்பு தரவில்லை. நான் எழுந்து போய் நோட்டில் ஒரு படம் போட்டேன். தப்பாகப் போட்டு அழித்து, மறுபடி போட்டேன். நாலு மணிக்குத் திரும்ப வந்தேன்.

படத்தில் இருந்தது இது. கீழே ஒரு தக்காளிப் பெட்டி, மரத்தில் செய்தது. உள்ளே சுற்றிலும் தெர்மாகோல், வெளியே சாக்கு. பெட்டிக்குள் ஒரு பக்கம் பல்பு, மறுபக்கம் முட்டை. பெட்டி மூடியில் ஒரு சதுர ஓட்டை, ஓட்டை மேல் பழைய படச்சட்டத்தின் கண்ணாடி. அந்தக் கண்ணாடி மேல் ஸ்டார், பல்பு நுழைக்கும் வாய் கீழ்ப்பக்கமாக. மொத்தத்தையும் தெருப்பக்க ஜன்னலில் வைத்தால், சூடு முட்டைக்கு, வெளிச்சம் ஸ்டாருக்கு. ஒரே பல்பு.

அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஸ்டாரு ஜன்னல்லயா? நட்சத்திரம்னா வானத்துல இல்ல இருக்கணும்?”

“நம்ம ஸ்டாரு எப்பவும் முருங்கை மரத்துலதானே இருக்குது?”

மாமா வாசற்படியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். “மச்சான், இதுக்கு மேல பேசாதீங்க. இவ வக்கீலுக்குப் படிச்சான்னா நாமெல்லாம் உள்ளதான்,” என்றார்.

அப்பா அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். ஆனால் பல்பை என் கையில் தரவில்லை. அவரே ஹோல்டர் மாட்டினார், ஒயர் இழுத்தார், தெர்மாகோலை அளந்து வெட்டினார். தாளில் வெட்டும் அதே நேர்த்தி. இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தோம். வெயில் சாய்வதற்குள் பெட்டி தயார்.

இரண்டாம் கேள்விக்குப் பதில் எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டு அக்கா தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தமிழ். வீட்டை ஒட்டித் தெருப்பக்கமாக ஷெட் போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். புழுவுக்குச் சூடு ஏறினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ஷெட்டில் தெர்மாமீட்டர் பலகை தொங்கும். பழைய பலகை ஒன்றைக் கேட்டேன்.

“முட்டைக்கா? அதுக்கெல்லாம் பேடம்மா, வேண்டாம், கோழி என்ன தெர்மாமீட்டர் பாத்தா உக்காருது?” என்றார். ஆனால் எடுத்துக் கொடுத்தார். கோழியின் வயிற்றுக்கடியில் அதைச் செருகிப் பார்த்ததும் அவர்தான். கோழி அவர் கையை இரண்டு கொத்து கொத்தியது. முப்பத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. “உன் கோழிக்குக் காய்ச்சல் இல்ல, கோவம்தான்,” என்றார்.

பெட்டியில் முதலில் நாற்பத்தைந்து ஏறியது. பக்கவாட்டில் அப்பா ஆறு ஓட்டை போட்டார். நான் ஆறு துணி அடைப்பான் சுருட்டினேன். எத்தனை அடைத்தால் எத்தனை டிகிரி என்று நோட்டில் பட்டியல் போட்டேன். பகலில் இரண்டு, பனி இறங்கிய பின் நான்கு. ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் உள்ளே. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், மாலை புரட்ட வேண்டும்.

பெட்டி மேல் ஸ்டாரை வைத்து சுவிட்சைப் போட்டதும் எல்லாரும் தெருவில் இறங்கிப் பார்த்தோம். முந்தைய வருடங்களில் மரத்தில் தொங்கிய ஸ்டார்களின் பளிச்சு இல்லை. அடியிலிருந்து வெளிச்சம் ஏறி, கீழ்முனைகள் சிவந்து, மேல்முனைகள் மங்கி, அடுப்புத் தணல் போல் இருந்தது. அப்பா இடுப்பில் கை வைத்து நின்றார்.

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது உபதேசியார் கேட்டார், “என்னய்யா, இந்த வருசம் ஸ்டாரு ஜன்னல்ல?”

“இந்த வருசம் டிசைன் அப்படிங்க,” என்றார் அப்பா.

மூன்றாம் கேள்விதான் என்னைத் தின்றது. கரண்ட் போனால் கால் மணி நேரத்தில் முட்டை ஆறத் தொடங்கும். சனி, ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். அணைந்த உடனே இரண்டு பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, அப்பாவின் பழைய சாக்ஸ் போட்டு உள்ளே வைத்துவிடுவேன். திங்கட்கிழமை பரீட்சை. அப்பா மண்டியில், அம்மா தக்காளி பறிக்கப் பக்கத்துக் காட்டில். நான் காரிமங்கலத்தில் பெஞ்சில். பள்ளிக்கூட டியூப் லைட் அணைந்தால் எங்கள் ஊரிலும் அணைந்திருக்குமா என்றுகூடத் தெரியாது.

திங்கள் விடியற்காலை அக்கா மல்பெரித் தழைக் கட்டோடு எங்கள் வாசலில் நின்றார்.

“நீ பள்ளிக்கூடம் போனா யாரு பாத்துக்குவா?”

“அதான்க்கா தெரியல.”

“நான் ஷெட்டு வாசல்ல உக்காந்துதானே தழை நறுக்கறேன். அங்கிருந்து உன் ஸ்டாரு நேராத் தெரியுது. அணைஞ்சா கரண்டு இல்லைன்னு அர்த்தம். சுடுதண்ணி என் அடுப்புல எப்பவும் இருக்குது. போ, போயி எழுது.”

அதுவரை அந்த ஸ்டாரை அப்பாவைச் சம்மதிக்க வைக்கும் தந்திரமாகத்தான் நினைத்திருந்தேன். அது காவல் காக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஓசூரில் கன்ட்ரோல் பேனல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பேனலின் நெற்றியிலும் ஒரு சின்ன விளக்கு வைப்போம், உள்ளே எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்ல. நான் செய்த முதல் விளக்கு ஏழு முனை கொண்டது. அதற்கு அந்த வேலை கொடுத்தது தழை நறுக்கிக்கொண்டிருந்த அக்கா.

மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். தெருமுனையிலிருந்தே பார்த்தேன், ஸ்டார் எரிந்தது.

“ரெண்டு வாட்டி அணைஞ்சுது,” என்றார் அக்கா. “ஒரு வாட்டி நான் வந்தேன். இன்னொரு வாட்டி வரும்போது பாட்டிலு மாத்தியாச்சு.”

“யாருக்கா?”

அக்கா முகவாயால் எங்கள் வீட்டைக் காட்டினார். அம்மா வேலைக்காட்டு மண் காலோடு அடுப்படியில் நின்றிருந்தார்.

“நாத்தம் வருதான்னு பாக்க வந்தேன்,” என்றார், நான் எதுவும் கேட்காமலே.

செவ்வாய் அப்படியே போனது. புதன்கிழமை இருபத்தேழாம் நாள். கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடியை எத்தனை தடவை திறந்தேன் என்பதையும் நோட்டில் கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடுகள் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. அதன் விலை பின்னால் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கேரல் குழு வந்தது. டிரம், ஒரு கிட்டார், பத்துப் பதினைந்து பேர். முன்னால் கிறிஸ்மஸ் தாத்தா, சிவப்பு அங்கி, முகமூடி, வயிற்றில் தலையணை. அந்த நடையிலேயே மாமா என்று தெரிந்தது. எங்கள் வாசலில் வந்து நின்று ஸ்டாரைப் பார்த்தார்கள். எதிர்ச்சாரியும் பார்க்க வந்துவிட்டது. முதல் பாட்டின் பாதியில் கரண்ட் போனது. பழகிய விஷயம், யாரும் பாட்டை நிறுத்தவில்லை. நான் பாட்டிலுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்திலேயே திரும்ப வந்தது, வரும்போது தேவைக்கு மேல் வந்தது. வீட்டு லைட்டெல்லாம் ஒரு முறை வெளுத்துப் பளிச்சென்றது. ஜன்னலில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

எல்லா வீட்டு ஸ்டாரும் எரிந்தது, எங்களுடையது தவிர.

நான் மூடியைத் திறந்தேன். பல்புக்குள் கருப்பாகப் படிந்திருந்தது. கம்பி அறுந்து தொங்கியது. டிரம் நின்றுவிட்டது. அப்பா உள்ளே வந்து பல்பைக் கழற்றினார், துணியில்கூடப் பிடிக்காமல். குலுக்கிப் பார்த்தார்.

“காரிமங்கலத்துல இருக்குமா?” என்றேன்.

“கடை சாத்தற நேரம். போயிட்டு வரதுக்குள்ள...”

“என் ஷெட்டுக்குக் கொண்டா,” என்றார் அக்கா. பிறகு அவரே தலையை ஆட்டினார். “அங்க இருபத்தஞ்சுதான். பத்தாது.”

கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைத் தூக்கினார். “எங்கிட்ட குடு பாப்பா. தலையணை இருக்குது, அடை உக்காந்துக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு. முப்பத்தைந்தரை. என்னிடம் இருந்த கேள்விக்கெல்லாம் பதில் கண்டுபிடித்து எழுதிவிட்டேன். நாலாவது கேள்வியை எழுதாமல் விட்டிருந்தேன்: பல்பே போனால்?

“தள்ளு,” என்றார் அம்மா.

முந்தானையை விரித்துப் பெட்டிக்குள் கை விட்டார். ஒன்பதாம் எண்ணை எடுத்தார். குப்பைக்குழிக்குக் கொண்டுபோகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் காதில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். கீழே வைத்தார். பத்தாம் எண்ணை வைத்தார். அப்படியே நின்றார். கிட்டார்க்காரப் பையன் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தான். தெருவில் நாற்பது பேர் இருந்தும், முருங்கை இலை உதிர்கிற சத்தம் கேட்டிருக்கும்.

“கத்துது,” என்றார் அம்மா. அவர் குரலே மாறியிருந்தது. “ஏங்க, உள்ள இருந்து கத்துதுங்க.”

அப்பா காதைக் கொண்டு வந்தார். மாமா வெள்ளைத் தாடியைக் கழற்றிவிட்டுக் காதைக் கொண்டு வந்தார். பன்னிரண்டும் கத்தியது. ஒன்பது மட்டும் பேசவில்லை.

அம்மா மூன்றையும் முந்தானையில் கட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். கோழி ஏழு குஞ்சுகளையும் சிறகுக்குள் இழுத்து வைத்துப் படுத்திருந்தது. ‘இருக்கற ஏழு எனக்கு முக்கியம்’ என்று சொன்ன அதே அம்மா, கோழி கொத்தக் கொத்த, ஒரு கையால் சிறகைத் தூக்கி, மறு கையால் மூன்று முட்டையையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பேசாத ஒன்பதையும் சேர்த்து. அது வெடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

“ஒன்பது வேண்டாம்மா,” என்றேன்.

“இருக்கட்டும். எனக்குக் காது மந்தம்.”

அம்மாவுக்குக் காது மந்தமெல்லாம் இல்லை.

தெருவில் டிரம் மறுபடி தொடங்கியது. இருட்டு ஸ்டாருக்கு முன்னாலேயே மிச்சப் பாட்டையும் பாடிவிட்டுப் போனார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரி என்ன மார்க் போட்டது என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் போனேன். கோழிச் சிறகின் ஓரத்தில் தட்டை மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இன்னொன்று. ஈரம் காய்ந்து மஞ்சளாக, குஞ்சுகளைவிடப் பெரிதாக. கோழி என்னை அல்ல, அவற்றைத்தான் சந்தேகமாகப் பார்த்தது. ஒன்பதாம் எண் முழுசாகக் கிடந்தது. பிறகு உடைத்துப் பார்த்தோம். முழுதாக வளர்ந்த குஞ்சு, ஓட்டைக் கொத்தாமலே போயிருந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நோட்டில் அந்தக் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோடும் சூடு வெளியே போன ஒரு தடவை. அந்தப் பக்கத்தின் அடியில், ‘திறந்து பார்ப்பது கவனிப்பது ஆகாது’ என்று எழுதிவிட்டு அறிவியல் பரீட்சைக்குப் போனேன்.

இரண்டில் ஒன்று நாலு வருடம் இருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர்க் குழியைத் தன் ஏரி என்று எண்ணிக்கொண்டது. அக்காவின் ஷெட்டிலிருந்து வெளியே போடும் கழிவுப் புழுவுக்காகத் தினமும் தெருவைக் கடந்து போகும். “பட்டுப்புழுவாத் தின்னுது, பட்டு முட்டையாப் போடும் பாரு,” என்பார் அக்கா. அந்தத் தெர்மாமீட்டர் பலகையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. எப்போது, எங்கே தொலைந்தது என்றும் தெரியவில்லை. ஸ்டாரை எலி தின்றுவிட்டது. கருகிய பல்பு மட்டும் பஞ்சு சுற்றி, அதே டப்பாவில், அதே மேல் தட்டில் இருக்கிறது. அப்பா தூக்கிப் போடமாட்டேன் என்கிறார். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் ஸ்டார் ஜன்னலில்தான். கேட்டால், டிசைன் அப்படி.

போன மாதம் அம்மா வீடியோ காலில் கூப்பிட்டார். ஒரு கோழி அடையிலிருந்து இறங்கிவிட்டதாம், இரண்டு முட்டை பொரிக்கவில்லையாம். போன் எதன் மேலோ சாய்ந்திருந்தது. திரையில் அலுமினியத் தட்டமும் அம்மாவின் முழங்கையும் மட்டும் தெரிந்தன.

“மிதக்குதாம்மா?”

“மிதக்குது.”

“அப்ப கூமுட்டையா?”

அம்மா தட்டத்தின் மேல் குனிந்தார். பின்னால் யாரோ பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள், அப்பாவாக இருக்கும். அம்மா நிமிராமலே கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

“இரு,” என்றார் என்னிடம். “தண்ணி இன்னும் நிக்கல.”